ஏழை வீட்டு அடுப்பில் பிறந்த இத்தாலி ருசி

2025 டிசம்பரில் டெல்லி செங்கோட்டையில் யுனெஸ்கோவின் குழு ஒன்று கூடியது. உலகின் கலாசாரப் பாரம்பரியங்களில் எவற்றைப் பட்டியலில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் கூட்டம் அது. நம் தீபாவளிக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது அந்தக் கூட்டத்தில்தான். அதே கூட்டத்தில் இன்னொரு பெயரும் சேர்ந்தது. இத்தாலியச் சமையல்!

'ஓ, பீட்சாவுக்கா?' என்று கேட்கத் தோன்றும். இல்லை. நாப்பொலி நகரத்தின் பீட்சா கலைக்கு 2017-லேயே அந்த கௌரவம் கிடைத்துவிட்டது. இந்த முறை மாலை விழுந்தது வீட்டுச் சமையலின் கழுத்தில். பருவத்தில் விளைந்ததை வைத்துச் சமைப்பது, மிஞ்சியதை வீணாக்காமல் வேறொன்றாக மாற்றுவது, பாட்டியின் கைப்பக்குவம் பேத்திக்குப் போவது, குடும்பம் மொத்தமும் ஒரே மேஜையில் உட்காருவது... இவற்றுக்குத்தான் இந்த அங்கீகாரம்.

சரி, இத்தாலி முழுவதற்கும் ஒரே சமையலா? அப்படிக் கேட்டால் இத்தாலியர்களே சிரித்துவிடுவார்கள். தனித்தனி அரசுகளாகக் கிடந்த பகுதிகள் சேர்ந்து 'இத்தாலி' என்ற ஒரே நாடு உருவானதே 1861-ல்தான். இன்றைக்கும் வடக்கே வெண்ணெயும் அரிசியும் சோளமாவுக் களியும். தெற்கே ஆலிவ் எண்ணெயும் கெட்டிக் கோதுமையும். போலோன்யா நகரத்தில் முட்டை உடைத்து ஊற்றாமல் பாஸ்தா மாவு பிசைய மாட்டார்கள். தெற்கே போனால் மாவும் தண்ணீரும்தான். ஊருக்கு ஊர் குழம்பு மாறுவது நமக்குத் தெரியாததா என்ன!

அதனால் ஒரே ஒரு மாநிலத்தின் அடுப்படியை மட்டும் எட்டிப் பார்க்கலாம். இத்தாலி வரைபடம் ஒரு பூட்ஸ் காலணி போல இருக்கும் அல்லவா? அதன் குதிகால் பகுதிதான் புலியா. ஒரு பக்கம் ஏட்ரியாட்டிக் கடல், மறு பக்கம் அயோனியன் கடல். நடுவே கோதுமை வயல்கள், திராட்சைத் தோட்டங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் ஆலிவ் மரங்கள். பார்க்கச் செழிப்பான பூமி. ஆனால், அந்தச் செழிப்பு நெடுங்காலம் பெரிய பண்ணை முதலாளிகளுக்குத்தான் சொந்தம். ஏராளமான குடும்பங்களுக்குக் கூலி வேலைதான் கதி. விடிவதற்கு முன் ஊர்ச் சதுக்கத்தில் போய் நிற்பார்கள். கங்காணி விரல் நீட்டியவருக்கு அன்று வேலை, மற்றவர்களுக்குப் பட்டினி.

அந்த வீடுகளில் பெண்கள் சமைத்ததைத்தான் இன்று உலகமே 'ஆஹா' என்கிறது. இத்தாலியில் இதற்கு ஒரு பெயரே உண்டு: 'குச்சீனா போவெரா', அதாவது ஏழைச் சமையல். அதன் ஓர் ஆண்டுக் கணக்கு இதோ.

குளிர்காலம்: சின்னக் காதுகளும் கசப்புக் கீரையும்

புலியாவின் தலைநகர் பாரி. பழைய நகரத்தில், கோட்டைக்குப் பக்கத்திலேயே 'அர்க்கோ பாஸோ' என்ற குறுகலான தெரு. வீட்டு வாசலில் மேஜையைப் போட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பலர் பாட்டிமார்கள். இத்தாலிய மொழியில் பாட்டிக்கு 'நோன்னா' என்று பெயர்.

கெட்டிக் கோதுமையின் நைஸ் ரவை, வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டையும் பிசைந்து, விரல் தடிமனுக்குக் கயிறாக உருட்டி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவார்கள். மழுங்கின கத்தியால் ஒரு துண்டை மரப்பலகையில் அழுத்தி இழுத்தால் அது சுருண்டுகொள்ளும். அதைக் கட்டைவிரல் நுனியில் மாட்டி உள்பக்கத்தை வெளியே திருப்பினால், நடுவில் குழியும் மேலே சொரசொரப்புமாக ஒரு குட்டிக் காது! அதன் பெயரும் அதுதான். 'ஒரெக்கியெத்தே' என்றால் 'சின்னக் காதுகள்'. பழகிய கைக்கு ஒரு காது செய்ய ஒரு நொடிகூட ஆகாது. பேசிக்கொண்டே, கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டே, கை பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும்.

அந்தக் குழி அழகுக்காக வந்ததல்ல. அதில் குழம்பும் கீரையும் தங்கும். சொரசொரப்பில் எண்ணெய் ஒட்டும். கொஞ்சமே கொஞ்சம் குழம்பு இருந்தாலும் ஒவ்வொரு வாயிலும் அது கிடைக்க வேண்டும் என்றால் இப்படித்தானே செய்தாக வேண்டும்?

நவம்பர் தொடங்கி மார்ச் வரை இந்தக் காதுகளுக்கு ஜோடி 'சீமே தி ராப்பா' என்கிற கீரை. டர்னிப் இனத்துச் செடியின் இலையும் பூமொட்டும்தான் அது. கடுகு, முள்ளங்கி குடும்பம். லேசான கசப்பு இருக்கும். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் கீரையைப் போட்டு, அதே தண்ணீரில் பாஸ்தாவையும் போடுவார்கள். விறகும் மிச்சம், கீரையின் சத்தும் பாஸ்தாவில் ஏறும். இன்னொரு சட்டியில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, காய்ந்த மிளகாய், உப்பில் ஊறிய நெத்திலி இரண்டு மூன்று. நெத்திலி எண்ணெயில் கரைந்தே போய்விடும். அதில் வெந்ததையெல்லாம் கொட்டிப் புரட்டினால் சாப்பாடு தயார்.

மேலே தூவ சீஸ்? அது காசு இருக்கிறவர்களுக்கு. இல்லாதவர்கள் பழைய ரொட்டியை உதிர்த்து, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவினார்கள். மொறுமொறுவென்று இருக்கும் அந்த ரொட்டித் தூளை இன்று பெரிய உணவகங்களிலும் பெருமையாகத் தூவுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதை வேறு. அன்று அதே காதுகளுக்குத் தக்காளிக் குழம்பு. மாட்டிறைச்சி அல்லது குதிரை இறைச்சியின் மெல்லிய துண்டில் பூண்டு, சீஸ், பார்ஸ்லி வைத்துச் சுருட்டி, அந்தக் குழம்பில் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். முதல் தட்டில் குழம்பு ஊறிய பாஸ்தா. இரண்டாவது தட்டில் இறைச்சிச் சுருள். ஒரே பானையில் இரண்டு பதார்த்தம்!

பருப்புக் கடைசலுக்கு ஓர் உறவு

குளிர் நாளின் இன்னொரு சாப்பாடு நமக்கு ரொம்பவே பழக்கமானதுபோல இருக்கும். தோல் நீக்கிக் காயவைத்த ஃபாவா பீன்ஸை மண்பானையில் போட்டு, கணப்பு நெருப்பின் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். வயல் வேலைக்குப் போய்த் திரும்புகிற வரை அது நிதானமாக வெந்துகொண்டிருக்கும். குழைந்ததும் மரக்கரண்டியால் கடைந்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பக்கத்தில் வயல் வரப்பில் பறித்து வந்த காட்டுச் சிக்கரிக் கீரையை வேகவைத்து வைப்பார்கள். இனிப்பான கடைசல், கசப்பான கீரை. விலை கொடுத்து வாங்கியது என்று தட்டில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜி6பிடி என்கிற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபாவா பீன்ஸ் ஆகாது. ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து ஆபத்தாகிவிடும். குடும்பத்தில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருந்தால் இந்தப் பதார்த்தத்தைத் தவிர்ப்பதே நல்லது.

கீரை கசப்பு போதாதென்று கசப்புக் கிழங்கும் உண்டு. 'லம்பஷோனி' என்பது பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் மாதிரி இருக்கும் காட்டுக் கிழங்கு. மண்ணுக்குள் ஆழத்தில் ஒளிந்திருக்கும். தோண்டி எடுத்து, கசப்பு இறங்குவதற்காகத் தண்ணீரில் நெடுநேரம் ஊறவைத்து, பிறகு வேகவைத்தோ பொரித்தோ சாப்பிடுவார்கள். கசப்பை விரும்பிச் சாப்பிடுவதில் பாகற்காய்ப் பிரியர்களுக்கு இவர்கள் சளைத்தவர்கள் இல்லை.

மார்ச் 19: சூசையப்பர் பந்தி

புலியாவின் தென்கோடிப் பகுதி சாலெந்தோ. இங்கே சில ஊர்களில் மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளை ஒட்டி வீடுகளில் பெரிய மேஜை போடுவார்கள். மூன்று பேர் முதல் பதின்மூன்று பேர் வரை, எப்போதும் ஒற்றைப்படை எண்ணிக்கையில், விருந்தாளிகள் உட்காருவார்கள். ஒவ்வொருவரும் ஒரு புனிதராகக் கருதப்படுவார். சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு ஆகிய மூவரும் கட்டாயம். இல்லாதவர்களுக்குச் சோறிடுவதே இந்தப் பழக்கத்தின் வேர். வாசலில் வந்து நிற்பவரிடம் கடவுளைப் பார்க்கிற வழக்கம்!

அந்தப் பந்தியில் தவறாமல் இடம்பெறுவது 'சிச்சேரி எ த்ரியா', கொண்டைக்கடலையும் பட்டை பாஸ்தாவும். பாஸ்தாவில் ஒரு பங்கை மட்டும் வேகவைக்காமல் எண்ணெயில் பொரித்து, கடைசியில் கலப்பார்கள். ஒரே தட்டில் குழைவும் இருக்கும், மொறுமொறுப்பும் இருக்கும். 'த்ரியா' என்ற சொல் அரபு மொழியின் 'இத்ரிய்யா'விலிருந்து வந்தது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த ஒரு சொல், இன்னும் பாட்டிமார் வாயில் புழங்குகிறது.

ரொட்டி: ஒரு துணுக்குகூட வீணாகாது

அல்தமூரா என்ற ஊரின் ரொட்டி புலியாவின் பெருமை. கெட்டிக் கோதுமை மாவு, புளித்த தாய்மாவு, உப்பு, தண்ணீர். விறகு அடுப்பு. மேலோடு குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனில் முறுகி இருக்கும். உள்ளே வைக்கோல் மஞ்சள் நிறம். 2003-ல் இந்த ரொட்டிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இந்த வட்டாரம் வழியாகப் பயணம் போன ரோமானியக் கவிஞர் ஹொரேஸ், இங்கே கிடைக்கும் ரொட்டியைப் புகழ்ந்து எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ரொட்டி அடுப்பு கிடையாது. மாவை வீட்டில் பிசைந்து, ஊர்ப் பொது அடுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யார் ரொட்டி யாருடையது என்று குழம்பாமல் இருக்க, குடும்பத் தலைவரின் பெயரின் முதல் எழுத்துகளைச் செதுக்கிய மரமுத்திரையை மாவில் அழுத்திவிடுவார்கள். ஆடு மேய்க்கவும் வயல் வேலைக்கும் வாரக்கணக்கில் வெளியே தங்குகிறவர்கள் கையோடு கொண்டுபோனதும் இந்த ரொட்டிதான். ஒரு வாரம் ஆனாலும் கெட்டுப்போகாது.

கெட்டுப்போகாதே தவிர, காய்ந்து இறுகிவிடுமே? அதற்கும் வழி இருந்தது. காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, தக்காளி, வெங்காயம், வெள்ளரி, எண்ணெய், உப்பு போட்டுக் கலந்தால் 'சியல்லெத்தா'. கோடை வெயிலில் வயல்காட்டுக்குப் போகிறவர்களின் குளிர்ச்சியான மதிய உணவு. நம் பழைய சோறும் வெங்காயமும் செய்கிற அதே வேலை! குளிர்காலத்தில் அதே காய்ந்த ரொட்டியைக் கீரையோடு கொதிக்கவைத்தால் 'பன்கொத்தோ'. வளையமாகச் செய்து, பாதியாக அறுத்து, இரண்டாவது முறையும் சுட்டுக் காயவைத்தால் 'ஃப்ரீசெல்லே'. அது மாதக்கணக்கில் தாங்கும். மீனவர்கள் படகில் எடுத்துப்போய், கடல் தண்ணீரிலேயே முக்கி நனைத்துச் சாப்பிட்டார்கள். தண்ணீரும் ஆச்சு, உப்பும் ஆச்சு.

2001-ல் அல்தமூராவில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தது. பக்கத்திலேயே ஒரு சிறிய ரொட்டிக் கடை, தக்காளி பதித்த ஃபோகாச்சா ரொட்டியைச் சுட்டு விற்றது. அது போராட்டம் நடத்தவில்லை, கோஷம் போடவில்லை. சுட்ட ரொட்டியின் வாசனை மட்டும் தெருவில் வந்துகொண்டே இருந்தது. 2002 முடிவதற்குள் பர்கர் கடை மூடப்பட்டது! இந்தக் கதை 2009-ல் 'ஃபோகாச்சா புளூஸ்' என்ற பெயரில் சினிமாவாகவும் வந்தது.

கோடை: கருகிய கோதுமை, கட்டித் தொங்கும் தக்காளி

ஜூனில் கோதுமை அறுவடை. அறுத்து முடித்த வயலில் தாளுக்குத் தீ வைப்பது வழக்கம். தீ அணைந்த பின், கருகிக் கிடக்கும் கோதுமை மணிகளை ஏழைகள் பொறுக்கிக்கொள்வார்களாம். அதை அரைத்து, கொஞ்சம் நல்ல மாவோடு சேர்த்துப் பிசைந்தால் சாம்பல் நிறத்தில், புகை வாசனையோடு ஒரு பாஸ்தா. 'கிரானோ ஆர்சோ', எரிந்த கோதுமை என்று அதற்குப் பெயர். இன்றைக்கு அந்த வாசனைக்காகவே நல்ல கோதுமையை வேண்டுமென்றே வறுத்து அரைக்கிறார்கள். விலையும் சாதாரண மாவைவிட அதிகம். பசிக்குப் பொறுக்கியவர்கள் இந்த விலையைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

ஆகஸ்டில் தக்காளித் திருவிழா. கோயிலில் இல்லை, வீட்டுக் கொல்லையில். குழந்தைகள் முதல் தாத்தா பாட்டி வரை எல்லோருக்கும் அன்று வேலை உண்டு. ஒருவர் கழுவ, ஒருவர் வேகவைக்க, ஒருவர் எந்திரத்தில் சுற்றித் தோலையும் விதையையும் பிரிக்க, சின்னவர்கள் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு துளசி இனத்து பேசில் இலையைப் போட... மூடிய பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி உடையாமல் இருக்கப் பழந்துணி சுற்றி, பெரிய டிரம்மில் அடுக்கிக் கொதிக்கவைப்பார்கள். ஒரு வருஷத்துக்கான ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு, ஒரே நாளில் தயாராகிவிடும். நம் வீடுகளில் வடாம் பிழிகிற நாளின் பரபரப்பு அப்படியே இருக்கும்.

சில தக்காளிகள் பாட்டிலுக்குள் போகாது. தடித்த தோல் உள்ள சிறிய ரகங்களைப் பருத்தி நூலில் கொத்துக் கொத்தாகக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுவார்கள். குளிர்காலம் வரை கெடாது. ஜனவரியில் ரொட்டியில் தேய்க்க ஒரு தக்காளி வேண்டுமா? உத்தரத்திலிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டால் போச்சு!

கோடைக்கு இன்னொரு பதார்த்தம், அரிசிக்காரர்களான நமக்குப் பிடித்துப்போகும். 'தியெல்லா' என்ற வாயகன்ற சட்டியில் உருளைக்கிழங்குத் துண்டுகள், வெங்காயம், தக்காளி, ஓட்டோடு கூடிய சிப்பிகள், அதன் மேல் அரிசி, மறுபடி உருளைக்கிழங்கு என்று அடுக்கி அடுப்பில் வைப்பார்கள். சிப்பி விடுகிற கடல் தண்ணீரிலேயே அரிசி வெந்துவிடும். இதில் சுரைக்காய் இனத்து ஸுக்கினி போடலாமா கூடாதா என்று பாரியில் வீட்டுக்கு வீடு சண்டை. சாம்பாரில் வெல்லம் போடலாமா என்கிற சண்டைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

ஆலிவ்: இங்கேதான் வயிற்றில் புளி கரைகிறது

மேலே சொன்ன எந்தப் பதார்த்தத்தையும் ஆலிவ் எண்ணெய் இல்லாமல் செய்ய முடியாது. இத்தாலியிலேயே அதிகமாக ஆலிவ் எண்ணெய் தருவது புலியாதான். அக்டோபரில் தொடங்கும் அறுவடை குளிர்காலம் வரை நீளும். செக்கிலிருந்து வந்த புது எண்ணெய் பச்சையாக, தொண்டையில் சுருக்கென்று காரமாக இறங்கும். சுட்ட ரொட்டியில் அதை ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அந்த எண்ணெய்க்கு அடித்த அடி, 2013-ல் வந்தது. சாலெந்தோவில், கல்லிப்போலி நகரத்துக்குப் பக்கத்தில் ஆலிவ் மரங்கள் காரணம் தெரியாமல் காய்ந்துகொண்டிருந்தன. முதலில் கிளை நுனி, பிறகு கிளை, பிறகு முழு மரம். அந்த ஆண்டு அக்டோபரில் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா! நுரை கக்கும் ஒரு சிறிய பூச்சி, நோய்பட்ட மரத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும்போது கிருமியையும் கொண்டுபோகிறது. அது மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. வேரில் ஈரம் இருந்தும் இலைக்குத் தண்ணீர் போகாது. மரம் தாகத்தில் சாகிறது.

நோய்பட்ட மரத்தைப் பூரணமாகக் குணமாக்க மருந்து இல்லை. பரவாமல் தடுக்க மரங்களை வெட்ட வேண்டும் என்றார்கள் விஞ்ஞானிகள். தாத்தாவுக்குத் தாத்தா நட்ட மரத்தை வெட்ட எந்தக் குடும்பத்துக்கு மனம் வரும்? போராட்டங்கள், வழக்குகள், சந்தேகங்கள். அந்த இழுபறியில் நோய் வடக்கே நகர்ந்தது. இதுவரை சுமார் 2 கோடி மரங்கள் இதற்குப் பலியானதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் நூற்றாண்டுகள் கண்ட மரங்களும் அடக்கம். ஒரு காலத்தில் கல்லிப்போலியிலிருந்து கப்பல் ஏறிய எண்ணெய்தான் ஐரோப்பிய நகரங்களின் விளக்குகளை எரித்தது. இன்று அதே ஊரைச் சுற்றி, இலையில்லாத சாம்பல் நிறக் கட்டைகள்.

மனம் தளராதவர்களும் இருக்கிறார்கள். 'லெச்சினோ', 'ஃபவோலோசா' என்ற இரண்டு ரகங்கள் இந்தக் கிருமியை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. காய்ந்த தோப்புகளில் அந்தக் கன்றுகளை நடுகிறார்கள். சில இடங்களில், பட்டுப்போகாத பழைய அடிமரத்தில் புது ரகத்தின் கிளையை ஒட்டுக்கட்டி, தாத்தா காலத்து மரத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். கேள்வி ஒன்றுதான் மிஞ்சுகிறது. ஊர் ரகங்களான 'ஒலியரோலா', 'செல்லினா' மரங்கள் போன பிறகு, அந்த எண்ணெயின் பழைய ருசி எங்கிருந்து வரும்?

நவம்பர் 22, புனித செசிலியா திருநாள். தாரந்தோ நகரத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் அன்றே தொடங்கிவிடும். விடியலுக்கு முன் வாத்தியக் குழுக்கள் தெருத்தெருவாக வாசித்துக்கொண்டு வர, வீடுகளில் 'பெத்தொலே' பொரிப்பார்கள். புளித்த மாவை எண்ணெயில் கிள்ளிப்போட்டு எடுக்கும் உருண்டை, போண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம். கிறிஸ்துமஸுக்கு ரோஜாப்பூ போலச் சுருட்டிப் பொரித்த 'கர்தெல்லாத்தே'. அதைத் திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகில் முக்குவார்கள். சர்க்கரைக்கு வழியில்லாத காலத்தில் தோட்டத்துத் திராட்சையும் அத்திப்பழமும்தான் இனிப்பு.

கைகள் இருக்கும் வரை

மரத்துக்கு வந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. கைக்கு வந்த ஆபத்து அவ்வளவு சுலபமாகத் தெரியாது.

2019-ல் பாரியில் ஓர் உணவகத்தில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். அங்கே இருந்த ஒரெக்கியெத்தே எங்கே, யாரால் தயாரிக்கப்பட்டது என்பதற்கு விவரச் சீட்டு எதுவும் இல்லை. உணவகத்துக்கு அபராதம், பாஸ்தா குப்பைக்கு. அர்க்கோ பாஸோ தெருவே பதறிப்போனது. வீட்டு உபயோகத்துக்குச் சின்னப் பொட்டலமாக விற்பதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், உணவகத்துக்கு மொத்தமாகப் போனால் சட்டப்படி சீட்டும் உரிமமும் வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். சாப்பிடுகிறவர்களின் பாதுகாப்புக்காக உள்ள சட்டம்தான், தவறு சொல்ல முடியாது. ஆனால், வாசலில் உட்கார்ந்து காது திருப்புகிற எழுபது வயது நோன்னாவுக்கு உரிமமும் ரசீதுப் புத்தகமும் எங்கே இருக்கும்?

மறுபக்கமும் உண்டு. சுற்றுலாக் கூட்டம் பெருகப் பெருக, தொழிற்சாலைப் பாஸ்தாவைக் கையால் செய்தது என்று சொல்லி விற்பதாகவும் புகார்கள் எழுந்தன. கைவேலைக்கு மவுசு வந்தால், போலியும் கூடவே வந்துவிடுகிறது.

யுனெஸ்கோ சான்றிதழ் நல்லதுதான். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஆனால், அது மாவு பிசையாது. ஆகஸ்ட் மாதத்தில் பாட்டில் கழுவாது. புலியாவின் இளைஞர்கள் வேலை தேடி மிலானுக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். லீவுக்கு வருகிற பேத்தி பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பத்துக் காதுகளாவது திருப்பிப் பழகினால்தான் இந்தச் சமையல் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஏழ்மை போய்விட்டது, போகட்டும், அது திரும்ப வரவே வேண்டாம். அது கற்றுக்கொடுத்த இரண்டு பாடங்கள் மட்டும் மிஞ்ச வேண்டும். விளைகிற காலத்தில் சாப்பிடு. எதையும் எறியாதே.

செய்து பாருங்கள்: கீரை ஒரெக்கியெத்தே (4 பேருக்கு)

தேவையானவை: பாஸ்தாவுக்கான கெட்டிக் கோதுமை நைஸ் ரவை மாவு 400 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 200 மி.லி., கீரை 500 கிராம், ஆலிவ் எண்ணெய் 6 டேபிள்ஸ்பூன், பூண்டு 3 பல், காய்ந்த மிளகாய் 1, காய்ந்த ரொட்டித் தூள் ஒரு கைப்பிடி, உப்பு தேவைக்கேற்ப. அசைவம் சாப்பிடுகிறவர்கள் உப்பில் ஊறிய நெத்திலி 3 அல்லது 4 சேர்க்கலாம். சைவத்துக்கு அது இல்லாமலும் நன்றாக இருக்கும்.

சீமே தி ராப்பா நம் கடைகளில் கிடைப்பது அரிது. முள்ளங்கிக் கீரை, கடுகுக் கீரை, புரோக்கோலி மூன்றும் அதன் சொந்தக்காரர்கள். எது புதிதாகக் கிடைக்கிறதோ அதைப் போடலாம்.

மாவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பத்து நிமிடம் நன்றாகப் பிசையவும். ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் வைக்கவும். கயிறாக உருட்டி, 1 செ.மீ. துண்டுகளாக வெட்டி, மழுங்கின கத்தியால் இழுத்து, கட்டைவிரலில் திருப்பவும். முதல் இருபது காதுகள் கோணல்மாணலாகத்தான் வரும். கவலை வேண்டாம், ருசியில் கோணல் இருக்காது. செய்தவற்றைத் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் உலரவிடவும்.

ரொட்டித் தூளை ஒரு ஸ்பூன் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தனியே வைக்கவும். பெரிய பாத்திரத்தில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, முதலில் கீரை, அது பாதி வெந்ததும் பாஸ்தா. பாஸ்தா வேக ஐந்து நிமிடம் அளவுக்கு ஆகும், ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து இறக்கவும். மீதி எண்ணெயில் நசுக்கிய பூண்டு, மிளகாய், விருப்பப்பட்டால் நெத்திலி சேர்த்து, சிறு தீயில் வாசனை வரும் வரை வதக்கவும். வடித்த பாஸ்தாவையும் கீரையையும் அதில் கொட்டி, வெந்த தண்ணீர் அரைக் கரண்டி விட்டுப் புரட்டவும். மேலே ரொட்டித் தூள். சூட்டோடு பரிமாறவும்.

மிஞ்சினால்? மறுநாள் அடிகனமான சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, அடி மொறுமொறுப்பாகும் வரை வறுத்துவிடலாம். தெற்கு இத்தாலியில் பலருக்கு முதல் நாள் பாஸ்தாவைவிட அதுதான் அதிகம் பிடிக்கும்!